தியேட்டருக்குள் நுழையும் அம்மிணிக்கு

அம்மிணி,

எலும்பு மருத்துவத்தில் எம்.எஸ். இடம் கிடைத்துவிட்டது என்று உன் அப்பன் போனில் சொன்னபோது மனசு நிறைந்துவிட்டது. எந்தப் புத்தகம் வாங்கலாம், யாரிடம் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டிருந்தாய். அதையெல்லாம் உன் சீனியர்கள் சொல்லுவார்கள். அவர்கள் சொல்லாமல் விடக்கூடிய ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். ஆபரேஷன் தியேட்டருக்குள் நாம் போடும் சத்தம்.

கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி வாசலிலெல்லாம் ஹாரன் அடிக்காதே என்று பலகை நிற்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஆஸ்பத்திரியைச் சுற்றி நூறு மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40 என்பது கணக்கு. அவினாசி ரோட்டு பஸ்காரர் அதை மதிக்கிறாரோ இல்லையோ, உள்ளே இருக்கும் நாமே மதிப்பதில்லை. சிகிச்சை நடக்கும் அறைக்கு 35 டெசிபலுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் தியேட்டரில் ஏசி, சக்ஷன், பேச்சு மூன்றும் சேர்ந்தாலே அறுபதைத் தொடும். ட்ரில்லும் ரம்பமும் ஓடும்போது நூறை எட்டிப் பார்க்கும்.

1. முதல் மாதம் உன்னைக் கத்தியைத் தொட விடமாட்டார்கள். ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பாய். அப்போது காதைத் தீட்டிக்கொள். எந்தச் சத்தம் வேலையின் சத்தம், எது வெட்டிச் சத்தம் என்று பிரித்துப் பார். ரீமரும் சுத்தியலும் நம் தொழில், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் யாரும் பயன்படுத்தாத சக்ஷன் குழாய் வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டு சீறும். கதவு பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை 'இங்கே ஸ்டேப்ளர் இருக்கா சிஸ்டர்' என்று திறக்கும். கிட்னி டிரேயை யாராவது ஸ்டீல் மேஜை மேல் 'டங்' என்று போடுவார்கள். சக்ஷன் குழாயைக் கிள்ளி வைக்க உனக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

2. மயக்க மருந்து டாக்டரின் காது உன் நோயாளியின் உயிர். பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் 'பீப்' ஒரே சுருதியில் இருக்காது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்க இறங்க சுருதியும் இறங்கும். திரையைப் பார்க்காமலே அவர் அதைப் பிடித்துவிடுவார். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மயக்க மருந்துப் பயிற்சி மருத்துவர்களை வைத்து இதைச் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். கவனம் பல பக்கம் இழுபட்டு, தியேட்டர் இரைச்சலும் சேர்ந்தபோது, அந்தச் சுருதி மாற்றத்தைப் பிடிக்கத் தடுமாறினார்கள். விபத்தில் சிதைந்த கை கால்களைக் காப்பாற்றுவதில் உலகமே திரும்பிப் பார்க்கும் நம்மூர் கங்கா மருத்துவமனையை 1978-ல் தொடங்கியவர் ஒரு மயக்க மருந்து மருத்துவர்தான். ஆகவே மயக்க மருந்து டாக்டரை மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் துணையாள் என்று நினைக்காதே. மயக்கம் கொடுக்கும்போதும் தெளிவிக்கும்போதும் நீ வாயைத் திறக்காமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

3. சத்தம் சத்தத்தை வளர்க்கும். 2012-ல் கரண்ட் இல்லாமல் நாம் பட்ட பாடு உனக்கு நினைவிருக்காது, நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளை. தியேட்டர் சுவருக்குப் பின்னால் ஜெனரேட்டர் மணிக்கணக்கில் ஓடும். அதற்கு மேல் பேச நாங்கள் குரலை உயர்த்துவோம், அதற்கு மேல் சிஸ்டர் உயர்த்துவார். திடீரென்று கரண்ட் வந்து ஜெனரேட்டர் நின்றதும், ஒரு சாதாரண 'ஆர்டரி ஃபோர்செப்ஸ்' சண்டைக்கு இழுப்பது போல அறை முழுக்க ஒலிக்கும். இரைச்சலில் மனிதன் தன்னை அறியாமல் கத்துவான் என்பதை லொம்பார்ட் என்ற பிரெஞ்சு காது மருத்துவர் 1911-லேயே சொல்லிவிட்டார். அறையில் சத்தம் ஏறும்போது நீ குரலை இறக்கிப் பார். இரண்டு நிமிஷம் யாருக்கும் கேட்காது. பிறகு எல்லோரும் இறங்கி வருவார்கள்.

4. இதை நிதானமாகப் படி. நம் தொழிலில் பாதிப் பேருக்கு முதுகில் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன். இடுப்புக்குக் கீழே மரத்திருக்கும், காது மரத்திருக்காது. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் முழித்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்பது அரை மணி நேரத்தில் நமக்கு மறந்துவிடும்.

ஒருமுறை தொடை எலும்பு முறிந்த ஒரு விவசாயிக்கு ராடு போட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு அன்னூர்ப் பக்கம் ஒரு காடு விலைக்கு வந்திருப்பதில் போய் நின்றது. ஏக்கர் என்ன விலை, ரோட்டு மேலா உள்ளேயா என்று போய்க்கொண்டிருந்தபோது துணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "அந்தப் பக்கம் வேண்டாமுங்க டாக்டரய்யா. ஆயிரம் அடி போர் போட்டாலும் தண்ணி வராதுங்." எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து எங்களில் ஒருவர், "இந்தத் துண்டு பொடிப்பொடியா வருதே" என்றார். எங்களுக்கு அது தினப்படிப் பேச்சு. சின்னத் துண்டு, தொந்தரவு இல்லை, அப்படியே விட்டுவிடலாம். ஆனால் மானிட்டரில் நாடித் துடிப்பு நூற்று இருபதுக்கு ஏறியது. மயக்க மருந்து டாக்டர் ஒரு பார்வை பார்த்தார். மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில் எல்லோரும் நகர்ந்த பிறகு அந்த மனிதர் என் கோட்டைப் பிடித்து, "ஏனுங், எலும்பு பொடியாப் போச்சுங்களா? தோட்டத்துக்குப் போக முடியுமுங்களா?" என்று கேட்டார். மூன்று நாளும் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். எங்களிடம் கேட்கக் கூச்சம்.

சுத்தியல் அடிக்கும் முன்னால் துணிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இப்போ கொஞ்சம் தட்டுற சத்தம் வருமுங்க, பயப்படாதீங்க" என்று சொல். சொல்லிவிட்டு அடித்தால் அது அவருக்கு வைத்தியம். சொல்லாமல் அடித்தால் அவர் உடம்பை யாரோ உடைக்கிறார்கள்.

5. கோபக்காரச் சீனியரின் தியேட்டர் மிக அமைதியாக இருக்கும். அதைப் பார்த்து மயங்கிவிடாதே. ஒரு கத்தலுக்குப் பிறகு வரும் அமைதியில் எல்லோரும் தங்கள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வலது காலுக்குப் பதில் இடது கால் துடைக்கப்படுவதைத் தியேட்டர் அண்ணா பார்த்திருந்தாலும் வாயைத் திறக்கமாட்டார். நாம் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதே அந்த அறையில் சம்பளம் குறைந்த ஆளின் குரலும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்தக் குரலைப் பயமுறுத்தி அடக்கிவிட்டால், டெசிபல் மீட்டரில் பத்து குறைந்து என்ன பிரயோஜனம்? என் ஆசிரியர் ஒருவர் தவறான கருவி கையில் வந்தால் திட்டமாட்டார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளங்கையை விரித்தபடி காத்திருப்பார். அவர் கேஸில்தான் சிஸ்டர்கள் தைரியமாக, "சார், ஒரு நிமிஷம்" என்பார்கள்.

இதற்காகச் சத்தம் பரவாயில்லை என்று நினைத்துவிடாதே. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்து மருத்துவர்கள் 35 வயிற்று ஆபரேஷன்களில் சத்தத்தை அளந்து 2011-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பிறகு புண்ணில் சீழ் வைத்தவர்களின் ஆபரேஷனில் சத்தம் கூடுதலாக இருந்ததாம். சத்தத்தால் சீழ் வைத்தது என்று நான் சொல்லமாட்டேன், 35 பேர் சின்னக் கணக்கு. கேஸ் கஷ்டமாக இருந்ததால் சத்தம் கூடியிருக்கலாம், கவனம் சிதறியதன் அடையாளமாகவும் இருக்கலாம். கவனம் சிதறிய இடத்தில் சத்தம் இருக்கும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்.

6. பஞ்சு, மாப், ஊசி எண்ணும்போது சிஸ்டரிடம் பேசாதே, பக்கத்தில் இருப்பவரிடமும் பேசாதே. அமெரிக்காவில் 1981-லிருந்து ஒரு விதி உண்டு. பயணிகள் விமானம் பத்தாயிரம் அடிக்குக் கீழே இருக்கும்போது விமானிகள் ஓட்டுவதைத் தவிர வேறு பேசக்கூடாது. நமக்கும் ஏறும் நேரம், இறங்கும் நேரம் உண்டு. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் எல்லோரும் நிறுத்தி, நோயாளி யார், எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைச் சோதித்துப் பார்த்த எட்டு நகரங்களில் டெல்லியும் ஒன்று. சில இடங்களில் இதை ஒருவர் முணுமுணுக்க, மற்றவர்கள் கையுறை மாட்டிக்கொண்டிருப்பார்கள். நீ கையைக் கட்டிக்கொண்டு நின்று கேள்.

7. பாட்டு. இளையராஜா வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் கென்டக்கியில் சர்ஜன்களைச் சோதித்தபோது, கை வேலை செய்துகொண்டிருக்கையில் பாட்டு ஓடினால், எதிர்பாராத வார்த்தைகள் காதில் சரியாக விழவில்லை. தையல் போடும்போது வைத்துக்கொள், அதுவும் மயக்க மருந்து டாக்டரைக் கேட்டுவிட்டு. போனை வெளியே வைத்துவிட்டு வா.

8. கடைசியாக, உன் காது. சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் வேலை பார்த்தவர்கள் கல்யாண வீட்டில் பேசுவதைக் கவனித்திருப்பாய், நாலு பந்திக்குக் கேட்கும். நம் ட்ரில் அவர்கள் தறி போல நாளெல்லாம் ஓடுவதில்லை. ஆனாலும் முப்பது வருஷம் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி ஓடுகிறது. தொழிற்சாலைக்கு எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று எல்லை இருக்கிறது, சோதிக்க இன்ஸ்பெக்டரும் இருக்கிறார். தியேட்டருக்குள் அவர் வரமாட்டார். இரைச்சலால் கேட்கும் திறன் குறையும்போது பெரும்பாலும் நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம்தான் முதலில் சரியும். குரல் கேட்கும், சொல் பிடிபடாது. மாஸ்க் போட்டவர்களின் உதட்டையும் பார்க்க முடியாது. உன் பெரியம்மா டி.வி.யைக் குறைப்பதும் நான் கூட்டுவதுமாக எங்கள் வீட்டில் சாயங்காலம் போகிறது. வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஈ.என்.டி. பிரிவுக்குப் போய் ஓர் ஆடியோகிராம் எடுத்து ஃபைலில் வை. ஐந்து வருஷம் கழித்து இன்னொன்று எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். புது ட்ரில் வாங்கக் கேட்கும்போது, விலையோடு எத்தனை டெசிபல் என்றும் கம்பெனிக்காரரிடம் கேள்.

அன்புடன்,
பெரியப்பா