அந்தமான் போகலாம்... கடனும் வேண்டாம், காய்ச்சலும் வேண்டாம்!

போடிநாயக்கனூரில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பம். மலைமேல் கொஞ்சம் ஏலத்தோட்டம், கீழே ஊருக்குள் ஒரு சின்னக் கடை. "தினமும் மலையைத்தான் பார்க்கிறோம். ஒரே ஒரு தடவை நடுக்கடல்ல இருக்கிற தீவைப் பார்த்துடணும்" என்று வீட்டுக்காரருக்குப் பல வருஷ ஆசை. கிளம்பினார்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே அப்பத்தா.

லாட்ஜில் பேரம், ஆட்டோவில் பேரம், சாப்பாட்டில் கணக்கு என்று பைசா பைசாவாக மிச்சம் பிடித்தார்கள். அப்பத்தாவுக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கலாமே என்று மருமகள் சொன்னபோது, "நாலு நாளைக்கு எதுக்கு ஆத்தா புதுச் செருப்பு? கடற்கரையில வெறுங்காலோட நடந்துக்கிறேன்" என்றார் அந்த அம்மா. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை உள்ளவர். உச்சி வெயிலில் மணலில் நடந்தார். சுட்டது தெரியவில்லை. ராத்திரி அறைக்கு வந்து கால் கழுவும்போதுதான் பாதம் முழுக்கக் கொப்புளம் இருப்பதை மருமகள் பார்த்தார். ஊர் திரும்பி இரண்டு மாதம் கட்டுப் போட வேண்டியிருந்தது. டூரில் மிச்சம் பிடித்ததைப் போல நாலு மடங்கு ஆஸ்பத்திரிக்குப் போனது!

இந்தக் குடும்பம் சிக்கனம் பிடித்த இடங்களில் முக்கால்வாசி சரியான இடங்கள்தான். ஒரே ஒரு இடம் தப்பு. எங்கே கையை இறுக்கலாம், எங்கே இறுக்கவே கூடாது? அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

எப்போது போவது?

பணம் மிச்சமாவதும் உடம்பு நன்றாக இருப்பதும் பாதிக்கு மேல் இந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தமானில் தென்மேற்குப் பருவமழை. அறை வாடகை இறங்கிவிடும். 'ஆஹா, சீப்!' என்று கிளம்பிவிடாதீர்கள். கடல் கொந்தளிக்கும், படகை நிறுத்திவிடுவார்கள், ஒரு தீவில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் வாடகை தண்டம் அழ வேண்டி வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். டிசம்பர் கடைசி வாரமும் ஜனவரி முதல் வாரமும் கூட்டம் நெரியும், விலை உச்சத்தில் இருக்கும்.

கடல் அமைதியாக இருப்பது ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை. நம் மலைக்காரர்களுக்கு இது கைகூடி வரும் காலம். ஆடி, ஆவணியில் தொடங்கும் காய் எடுப்பு தை, மாசியோடு முடிகிறது. தோட்டத்தில் வேலை குறைவு, காய் விற்ற பணம் கையில் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இல்லாத வீடு என்றால் பிப்ரவரியில் கிளம்புங்கள். பிள்ளைகள் இருந்தால் பரீட்சை முடிந்ததும் ஏப்ரல் கடைசி வாரம். மே மூன்றாவது வாரத்தில் அங்கே பருவமழை எட்டிப் பார்த்துவிடும். அதற்குள் திரும்பிவிட வேண்டும். ஏப்ரல் பயணத்துக்கு ஜனவரியிலேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள். கடைசி நேர டிக்கெட்தான் குடும்ப பட்ஜெட்டுக்கு முதல் எதிரி.

கப்பலா, விமானமா?

முதலில் சென்னை போக வேண்டும். 2010 டிசம்பரோடு நின்றுபோன போடி ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூன் 15-ம் தேதி மறுபடி ஓட ஆரம்பித்தது. போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு வாரம் மூன்று நாள் என்று தொடங்கிய ராத்திரி வண்டி அது. அதில் ஏறிப் படுத்தால் காலையில் சென்னை. சென்ட்ரலிலிருந்து மெட்ரோ ரயிலில் நேரே விமான நிலையம். டாக்ஸி செலவு மிச்சம். ஆனால் ரயில் வந்து சேரும் அன்று காலை விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள். வண்டி தாமதமானால் மொத்தப் பணமும் போச்சு!

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர். (2024 செப்டம்பரில் இந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்.) விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். கப்பலில் கிட்டத்தட்ட 60 மணி நேரம், அதாவது மூன்று நாள். கப்பலில் பங்க் எனப்படும் அடுக்குப் படுக்கை வகுப்புதான் மலிவு.

'அப்ப கப்பல்தான் சிக்கனம்' என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். போக மூன்று நாள், வர மூன்று நாள். ஆறு நாள் கடையைப் பூட்டினால் எவ்வளவு நஷ்டம்? அந்த ஆறு நாள் சாப்பாடு? அதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். கப்பல் தினமும் கிடையாது. புறப்படும் தேதியும் மாறும். நேரம் தாராளமாக உள்ள, ஆரோக்கியமான இளவட்டங்களுக்குக் கப்பல் அருமையான அனுபவம். கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள், இருதயக் கோளாறு உள்ளவர்கள், வயதானவர்கள் விமானத்திலேயே போகட்டும். நடுக்கடலில் ஏதாவது என்றால் உடனே கரைக்குக் கொண்டுவர முடியாது.

மத்திய அரசு ஊழியர்கள் வீட்டில் இருந்தால், அந்தமானுக்கு விடுமுறைப் பயணச் சலுகையில் தனி விதிகள் உண்டு. அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

தீவுக்குத் தீவு தாண்டும்போது...

பெரும்பாலோர் பார்ப்பது மூன்று இடங்கள். போர்ட் பிளேர், ஸ்வராஜ் தீவு (பழைய ஹேவ்லாக்), ஷஹீத் தீவு (பழைய நீல்). ஒவ்வொரு தீவுக்கும் போர்ட் பிளேரிலிருந்து போய்த் திரும்பினால் படகுச் செலவு கூடும். போர்ட் பிளேர் – ஸ்வராஜ் – ஷஹீத் – போர்ட் பிளேர் என்று ஒரே வட்டமாகப் போடுங்கள். ஒரு படகுக் கட்டணம் மிச்சம்.

தனியார் வேகப்படகு ஸ்வராஜ் தீவுக்கு ஒன்றரை மணி நேரத்தில் போகும். அரசுப் படகு இரண்டரை மணி நேரம் எடுக்கும். ஆனால் கட்டணம் பல மடங்கு குறைவு. தீவு மக்களுக்கு முன்னுரிமை உண்டு என்பதால் எப்போதும் இடம் கிடைக்காது. முதலில் அதற்கு முயற்சி செய்துவிட்டுப் பிறகு தனியாரிடம் போங்கள்.

கடைசி ராத்திரி கட்டாயம் போர்ட் பிளேரில் தங்குங்கள். காற்று அடித்துப் படகு நின்று, விமானத்தைத் தவறவிட்டவர்கள் நிறைய!

தங்குவதும் தின்பதும்

போர்ட் பிளேரில் அபர்தீன் பஜார் பக்கம் சாதாரண லாட்ஜுகள் உண்டு. பஸ் நிலையமும் அருகிலேயே. தமிழ் பேசுகிறவர்கள் தாராளமாக இருக்கும் ஊர். இட்லி, தோசைக்குப் பஞ்சமில்லை. கடற்கரை பார்த்த அறைக்கு வீணாகப் பணம் கொட்ட வேண்டாம். பகலெல்லாம் வெளியில்தானே இருக்கப் போகிறீர்கள்? சிடியாடாப்புவில் சூரியன் மறைவதைப் பார்க்கவும் வண்டூர் போகவும் டவுன் பஸ் போதும்.

ஒரு முக்கிய விஷயம். அங்கே நம் கடிகாரம்தான், ஆனால் சூரியன் நமக்கு முன்னாலேயே எழுந்துவிடும். ஐந்து, ஐந்தரைக்கே பளபளவென்று விடியும். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். விடியற்காலையில் கடற்கரைக்குப் போய் ஒன்பதரைக்குள் திரும்பிவிடுங்கள். பதினொன்று முதல் மூன்று வரை அறையில் ஓய்வு, இல்லையென்றால் செல்லுலார் சிறை மாதிரி நிழல் உள்ள இடம். 1906-ல் கட்டி முடித்த அந்தச் சிறையைப் பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள்.

மணலில் கிடக்கும் சங்கு, பவளத்துண்டுகளை 'ஓசிதானே' என்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். பவளத்துக்கு 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவல். விமான நிலையத்தில் சோதனையில் பிடிபட்டால் வழக்கு.

இங்கெல்லாம் சிக்கனம் கூடாது!

*பாதம்:* சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். சூடும் தெரியாது, பவளக்கல் கீறியதும் தெரியாது. குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் மாதிரி பட்டை வைத்த செருப்பு வாங்குங்கள். புதுச் செருப்பைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டுப் பழகுங்கள். தண்ணீருக்குள்ளும் கழற்றக் கூடாது. தினமும் ராத்திரி வீட்டில் ஒருவர் அவர்கள் பாதத்தை விளக்கொளியில் பார்க்க வேண்டும்.

*கடல் மயக்கம்:* போடிமெட்டு சாலையின் 17 கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுப்பவர் படகிலும் எடுப்பார் என்று வைத்துக்கொள்ளலாம். படகின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. மேல்தளத்தில் நின்றால் தூரத்து வானவிளிம்பையே பாருங்கள். புத்தகம், செல்போன் பார்க்காதீர்கள். வயிறு முட்டவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இஞ்சி, எலுமிச்சை, நம் ஊர் ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள்வது நல்ல பழக்கம்தான். ஆனால் அதிகம் வாந்தி வருகிறவர்கள் டாக்டரைக் கேட்டு மாத்திரை வாங்கி, படகு ஏற அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி வந்தபின் போட்டால் பயனில்லை. கண்ணில் நீரழுத்தம், ப்ராஸ்டேட் தொல்லை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

*தண்ணீர்:* மலைக்குளிரில் பழகிய உடம்புக்கு அந்தப் புழுக்கத்தில் வியர்வை ஆறாக ஓடும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். மூடிய பாட்டில் தண்ணீர், காய்ச்சிய தண்ணீர், இளநீர் குடியுங்கள். வெட்டி வைத்த பழமும், ஆறிப்போன மீனும் வேண்டாம்.

*கொசு:* மலேரியா, டெங்கு இரண்டுக்கும் இடமுள்ள பூமி. கொசு களிம்பு, முழுக்கைச் சட்டை அவசியம். சாயங்காலக் கடற்கரையில் மணல்பூச்சியும் கடிக்கும். எலிக்காய்ச்சலும் அந்தமானில் நெடுங்காலமாக இருப்பது. காலில் காயத்தோடு தேங்கிய மழைத்தண்ணீரில் இறங்காதீர்கள்.

*கடல் விளையாட்டு:* ஆஸ்துமா, இருதயம், காது நோய் உள்ளவர்கள் டாக்டர் சம்மதம் இல்லாமல் ஆழ்கடல் நீச்சலில் இறங்கக் கூடாது. உடல்நிலை பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் 'குறைந்த ரேட்' என்று இழுப்பவரிடம் போகாதீர்கள். ஆழ்கடலில் மூழ்கி எழுந்தபின் 24 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏறலாம். பட்ஜெட் இடிக்கிறதா? கண்ணாடி அடிப்படகில் உட்கார்ந்தே பவளம் பார்க்கலாம். படகில் லைஃப் ஜாக்கெட் போடாமல் உட்காராதீர்கள். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் காலைக்கூட நனைக்க வேண்டாம். அது வேடிக்கைக்கு வைத்த பலகை இல்லை!

கைப்பையில் இருக்க வேண்டியவை

• வழக்கமான மருந்துகள், பயண நாளைப் போல இரண்டு மடங்கு. மருந்துச் சீட்டு நகலும் கூடவே.
• இன்சுலின் கைப்பையில்தான், குளிர்ச்சி காக்கும் உறையில். சரக்குப் பகுதியில் போட்டால் உறைந்து கெட்டுவிடலாம்.
• ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஐந்தாறு. பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்.
• பாரசிட்டமால், கிருமிநாசினி, பஞ்சு, பிளாஸ்திரி.
• தொப்பி, வெயில் களிம்பு, கொசு களிம்பு.

எல்லாவற்றையும் நம் ஊர் மருந்துக்கடையிலேயே வாங்கிவிடுங்கள். சின்னத் தீவில் ராத்திரி பத்து மணிக்கு மருந்துக்கடை தேடி அலைய முடியாது. ஸ்வராஜ் தீவில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் உண்டு. பெரிய சிகிச்சை என்றால் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனைக்கு வர வேண்டும்.

லட்சத்தீவு எப்படி?

போடிமெட்டு ஏறி மூணாறு வழியாக இறங்கினால் கொச்சி. அங்கிருந்து லட்சத்தீவுக்குக் கப்பலும் விமானமும் உண்டு. தூரத்தைப் பார்த்தால் நமக்கு அதுதான் பக்கம். ஆனால் அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. அந்தமான் மாதிரி நம் இஷ்டத்துக்கு லாட்ஜ் தேடிச் செலவைச் சுருக்கவும் வழி குறைவு. முதல் தீவுப் பயணத்துக்கு அந்தமானே கைக்கு அடக்கம்.

திரும்பி வந்த பிறகு...

வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் 'அலைச்சல்தான்' என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடாதீர்கள். டாக்டரிடம் போய், "அந்தமான் போயிட்டு வந்தோம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எந்த ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அவர் முடிவு செய்ய அது உதவும்.

கடைசியாக ஒரு யோசனை. பாட்டிமார் அஞ்சறைப் பெட்டியில் அவசரத்துக்கென்று நாலு ரூபாய் மறைத்து வைப்பார்களே, அதுபோல ஒரு கவரில் தனியாகப் பணம் போட்டு ஒட்டிவிடுங்கள். ஒருவர் மட்டும் திடீரென்று விமானத்தில் திரும்ப வேண்டி வந்தால் எவ்வளவு ஆகுமோ அவ்வளவு. அதைச் சாப்பாட்டுக்கோ, துணிமணிக்கோ தொடக் கூடாது.

நான் சொன்ன அப்பத்தாவுக்குக் கால் நன்றாக ஆறிவிட்டது. இப்போது வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டுத்தான் நடக்கிறார். "அடுத்த தடவை போறப்ப எனக்கு ரெண்டு சோடி வாங்கிரு" என்று மருமகளிடம் சொல்லி வைத்திருக்கிறாராம். மருமகளும் ஒரு கவரில் பணம் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்!