பனிக்காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார்

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறேன். ஆசைப்பட்டு ஒரு மாஸ்டா மியாட்டா வாங்கினேன். குளிர்காலத்தில் ஓட்டலாமா, ஷெட்டில் நிறுத்திவிடலாமா? வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் போதும் என்கிறார் நண்பர்.

பதில்: நிறுத்திவிடுங்கள். பனியைவிட உங்கள் காருக்குப் பெரிய எதிரி, சாலையில் கொட்டும் உப்புதான். உப்புத் தண்ணீர் அடித்தகட்டின் இடுக்குகளில் புகுந்து துருவைக் கிளப்பிவிடும். ஓட்டியே ஆகவேண்டும் என்றால் குளிர்கால டயர் கட்டாயம் வேண்டும். கோடைக்கால டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைக்கத் தொடங்கி, பிடிமானம் போய்விடும். கடுங்குளிரில் அந்த டயரோடு காரை நகர்த்தினாலே ரப்பரில் வெடிப்பு விழலாம்.

நண்பர் சொல்வதைக் கேட்காதீர்கள். ஐந்து நிமிடம் ஓடும் எஞ்சின் முழுதாகச் சூடேறாது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி சைலன்ஸரிலும் ஆயிலிலும் தண்ணீராகத் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்ய இழுத்த சார்ஜும் பேட்டரிக்குத் திரும்பாது. சார்ஜ் இறங்கிய பேட்டரி குளிரில் உறைந்து வெடிக்கவும் கூடும்; அதற்கென உள்ள சிறிய பராமரிப்பு சார்ஜரில் போட்டுவையுங்கள்.

நிறுத்துமுன் அடிப்பகுதிவரை கழுவி உலர்த்துங்கள். ஆயில் மாற்றி, டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் ஊற்றி, அது உள்ளே பரவச் சிறிது தூரம் ஓட்டிவாருங்கள். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும்; சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சைலன்ஸர் வாயை அடைத்துவையுங்கள், எலி கூடு கட்டும். வசந்தத்தில் சாவியைத் திருப்புமுன் அந்த அடைப்பை எடுக்க மறக்காதீர்கள்.