குட்டியீனும் மீன்களின் சினைக்காலப் பராமரிப்பும் குஞ்சு வளர்ப்பும்

மீனினங்களுட் பெரும்பாலானவை முட்டையிட்டு இனம் பெருக்குவன. கப்பி, மொலி, பிளற்றி, வாள்வால் மீன் ஆகிய சில இனங்களோ முட்டையைத் தம் உடலினுள்ளேயே வைத்திருந்து, பிறந்தவுடன் நீந்தவும் இரை தேடவும் வல்ல குஞ்சுகளை ஈனுகின்றன. ஆதலால் இவற்றைக் குட்டியீனும் மீன்கள் என்கிறோம். இவை நம் நாட்டுக்குரியன அல்ல. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்தவை. கப்பி மீனின் தாயகம் வெனிசுவேலாவும் திரினிடாட்டுத் தீவும் அவற்றை அடுத்த நிலங்களுமாகும். 1859 ஆம் ஆண்டில் வில்கெலம் பீற்றர்சு என்னும் செருமானிய அறிஞர் அதனை விவரித்தார். திரினிடாட்டிலிருந்து இம்மீனை இலண்டனுக்கு அனுப்பிய இரொபட் கப்பி என்பவரின் பெயரைத் தழுவி 1866 இல் அதற்கு வேறொரு பெயரும் சூட்டப்பட்டது. அறிவியலார் அப்பெயரைப் பின்னர் கைவிட்டனர்; மக்கள் வழக்கில் அது நிலைத்துவிட்டது.

இறக்கக்கண்டியிலும் அதனை அடுத்த நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி ஆகிய ஊர்களிலும் வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் கரையிலேயே கிடக்கும். அக்காலத்தில், விறாந்தையில் இரண்டு தொட்டி மீன் வளர்த்து விற்கும் குடும்பத்துக்கு அச்சிறு வருவாயும் பயன் தருவதாகும். ஆனால், "சினைமீன் வாங்கினேன், ஈன்றது, பத்து நாளில் ஒரு குஞ்சும் மிஞ்சவில்லை" என்று கூறுவோரே மிகுதி. இவ்விழப்பின் காரணங்களை ஆராய்ந்து பார்த்தால், மீனின் குறையைக் காட்டிலும் வளர்ப்பவரின் அவசரமே பெரிதாகத் தோன்றும். சினைமீனுக்கு நாம் செய்யவேண்டியவை சிலவே. செய்யாதிருக்க வேண்டியவை பல.

முதலில் நீரைப் பற்றிக் கூறுவோம். கடற்கரையோர மணற் கிணறுகளின் நீர் வன்மையானது. சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. கோடையில் சிறிது உவர்ப்பும் ஏறும். நம் வீட்டுப் பெண்கள் குறை கூறும் இதே நீர் குட்டியீனும் மீன்களுக்கு மிக ஏற்றது. மழைநீர் போன்ற மென்மையான நீரில் இவை சோர்ந்து, செட்டைகளைச் சுருக்கிக் கொள்ளும். மொலி மீன் உவர்நீரிலும் நன்கு வாழவல்லது. ஆகவே இறக்கக்கண்டியில் இம்மீன்களை வளர்க்க விரும்புவோர் நீரைத் திருத்த மருந்தெதுவும் வாங்க வேண்டியதில்லை. கிணற்றில் வெளிற்றுந் தூள் இடப்பட்டிருப்பின் மட்டும், அதன் மணம் முற்றாக நீங்கும்வரை அந்நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. குழாய்நீராயின் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தபின் பயன்படுத்துக. ஒரு கிணற்று நீரில் வளர்ந்த மீனை வேறொரு கிணற்று நீரில் திடீரென விடுவதும் தீது. கொண்டுவந்த பையினுள் புதுநீரைக் கோப்பை கோப்பையாக ஒரு மணிநேரம் கலந்து, அதன்பின் மீனை மாற்றவேண்டும்.

ஆண் மீனை அறிதல் எளிது. அதன் அடிவயிற்றின் பின்னுள்ள செட்டை விசிறிபோல் விரியாது, ஒரு சிறு குச்சிபோல் நீண்டிருக்கும். பெண் மீனின் செட்டை விசிறி வடிவினது. ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என விடவேண்டும். ஆண்கள் மிகுந்தால் அவை பெண் மீனை ஓயாது துரத்தி, இரையுண்ணவும் விடா.

சினையுற்ற கப்பியின் வயிற்றின் பின்பகுதியில் கருமையான முக்கோண வடிவப் புள்ளி தோன்றும். நாட்செல்ல அது பெருத்துக் கறுக்கும். வெளிர்நிற மீன்களில், ஈனுங்காலம் நெருங்கியபோது உள்ளிருக்கும் குஞ்சுகளின் கண்களும் சிறு கரும்புள்ளிகளாகத் தெரிவதுண்டு. கருமொலியில் இப்புள்ளியைக் காணவியலாது. வயிற்றின் வடிவைக் கொண்டே ஊகிக்க வேண்டும். வயிறு உருண்டையாக இருப்பின் இன்னும் நாளுண்டு. மார்பின் கீழே அது சதுரமாக, ஒரு பெட்டிபோல் இறங்கினால் ஈனுங்காலம் அண்மித்துவிட்டது. அப்போது மீன் கூட்டத்தை விட்டு விலகி மூலையில் நிற்கும். இரையைக் கண்டும் வாராது. செவுள் விரைவாக அசையும். கப்பியும் பிளற்றியும் வாள்வால் மீனும் ஏறத்தாழ நான்கு வாரத்துக்கொரு முறை ஈனும். மொலி அதனினும் கூடுதலான நாள் எடுப்பதுண்டு. நீர் வெப்பமாயின் காலம் குறுகும், குளிரின் நீளும்.

இக்கட்டத்திலேதான் பெரும்பாலோர் தவறு செய்கின்றனர். நானும் செய்தேன். பண்ணைப் பாடசாலையில் பயின்று வெளிவந்த புதிதில் ஒரு கருமொலி வாங்கினேன். வயிறு சதுரமானதைக் கண்ட அன்று மாலையே அதனைப் பிடித்து, குஞ்சுகளைப் பிரித்தெடுப்பதற்கென விற்கப்படும் சிறு பிளாஸ்ரிக் கூட்டினுள் இட்டேன். அஃது இரவு முழுவதும் கூட்டின் சுவரில் மோதிக்கொண்டே இருந்தது. காலையில் பார்த்தபோது, மஞ்சட்கரு ஒட்டியபடியே இருந்த முதிராக் குஞ்சுகள் கூட்டின் அடியில் இறந்து கிடந்தன. தாய் மீன் மூன்றாம் நாள் மாண்டது. அக்கூடு ஒரு தேநீர்க் கோப்பையிலும் சற்றே பெரிதாக இருந்தது. நிறைசினையான உயிரை அவ்வளவு சிற்றிடத்தில் அடைத்தல் தகாது என்பதை அன்று கற்றேன்.

சினைமீனை வேறு தொட்டிக்கு மாற்றுவதாயின், ஈனுவதற்கு ஒரு வாரமேனும் முன்பாக, வயிறு இன்னும் உருண்டையாக இருக்கும்போதே மாற்றவேண்டும். வலையால் தூக்காது, நீரோடு ஒரு கோப்பையில் முகந்தெடுப்பதே நன்று. காலங் கடந்துவிட்டதாயின் இருந்த இடத்திலேயே விட்டுவிடுக. சினைமீனை விட்டுவிட்டு மற்ற மீன்களை வேறிடத்துக்கு மாற்றுதல் அதனினும் எளிய வழி. இதனை ஏனோ எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டி போதுமானது. அதில் மூன்றிலொரு பங்கு இடத்தை நீர்ப்பாசி நிரப்பியிருக்க வேண்டும். ஐதரில்லா போன்று நெருங்கிய இலையுடைய பாசியை வேரூன்றாமலே மிதக்க விடலாம். பிறந்த குஞ்சுகள் முதலில் அடியில் கிடந்து, பின்னர் மேற்பரப்பை நாடுவன. ஆதலின் அடியிலும் மேலிலும் மறைவிடம் வேண்டும். பாசி கிடைக்காதவிடத்து, சாயமிடாத தென்னந்தும்பை வேகவைத்து நன்கு அலசிப் பிரித்துத் தொங்கவிடலாம். ஆகாயத்தாமரையின் வேரும் இதற்கு உதவும் என்பார் உளர். அச்செடியைத் தடுக்க இந்நாட்டில் 1909 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. இன்றும் அது குளங்களை மூடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே அதனை வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

தாய் தன் குஞ்சையே விழுங்கும் என்பது உண்மை. அதனைக் கொடுமை என்று கருதற்க. அசையும் சிறு பொருள் எதுவும் அதற்கு இரையே. தன் குஞ்சென்ற அறிவு அதற்கில்லை. பசித்த மீன் மிகுதியாக விழுங்கும். வயிறு நிறைந்த மீன் குறைவாக விழுங்கும். எனவே ஈனுவதற்கு முன்னைய வாரத்தில் நாளொன்றுக்கு மூன்று தடவை, சிறிது சிறிதாக நல்லிரை கொடுக்க வேண்டும். ஈன்று முடிந்ததும் பாசிக்குள் குஞ்சுகளை விட்டுத் தாயை மட்டும் முகந்தெடுத்து, ஆண் மீன் இல்லாத தொட்டியில் சில நாள் இளைப்பாற விடுக.

முதல் ஈற்றில் பத்துக்கும் குறைவான குஞ்சுகளே கிடைக்கலாம். வளர்ந்த கப்பி இருபது முதல் அறுபது வரை ஈனும். குஞ்சு ஏறத்தாழ ஏழு மில்லிமீற்றர் நீளமுடையது. அதன் வாய் குண்டூசித் தலையிலும் சிறிது. கடையில் விற்கும் மீனுணவை அப்படியே தூவினால் அதனை உண்ணவியலாது. உணவு அடியில் கிடந்து அழுகும். விரல்களிடையே மாவாகத் தேய்த்தே இடவேண்டும். நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் உலர்ந்த கூனி இறால் மிக நல்ல இரை. உப்பு நீங்க இருமுறை நீரில் ஊறவைத்து அலசி, மீண்டும் வெயிலில் உலர்த்தி, உரலில் இடித்து, மெல்லிய துணியில் சலித்து, மூடியுள்ள போத்தலில் வைத்துக்கொள்க. அவித்த முட்டையின் மஞ்சட்கருவையும் துணியில் முடிந்து, நீரில் ஒருமுறை பிசைந்து, முகில்போற் பரவுமளவு கொடுக்கலாம். பட்டாணி அளவு கரு நூறு குஞ்சுக்கும் மிகுதி என்பதை மறவற்க. நாளொன்றுக்கு நான்கைந்து தடவை, ஐந்து நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே இடவேண்டும்.

மிஞ்சிய இரையும் கழிவும் அழுகி அமோனியாவாக மாறும். முன்னர் புகழ்ந்த நம் வன்னீரில் ஒரு தீமையும் உண்டு: காரத்தன்மை கூடிய நீரில் அமோனியாவின் நஞ்சு கடுமையாகும். குஞ்சுகள் மேற்பரப்பில் வாய்பிளந்து நின்றால், காற்றுக் குறைவு என்றெண்ணி வாளாவிராமல் உடனே நீரை மாற்றுக. முதல் மாதத்தில் இரண்டு நாளுக்கொருமுறை கால்வாசி நீரை, முனையில் துணி கட்டிய குழாயால் அடியிலிருந்து உறிஞ்சியெடுத்து, அதே வெப்பமுள்ள நீரை மெதுவாக ஊற்றவேண்டும். தொட்டி முழுவதையும் கழுவிப் பளபளப்பாக்கி ஒரேயடியாகப் புதுநீர் நிரப்புவோர் குஞ்சுகளை இழப்பர். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் கல்லிலும் பாசியிலும் ஒட்டியே வாழ்கின்றன. அவற்றையும் சேர்த்தன்றோ கழுவி விடுகின்றனர்!

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தொட்டியை வெயில் படாத இடத்தில் வைத்து நீர்மட்டத்தைச் சற்றுக் குறைக்க. வெப்பநீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். மாரியில், முற்றத்துச் சீமெந்துத் தொட்டிகளைக் கூரையால் மறைக்க. மழைநீர் நிறைந்து வழியும்போது மீன்களும் வழிந்தோடும். வலையால் மூடினால் தும்பி முட்டையிடுவதும் தடைப்படும். தும்பியின் குடம்பி ஒன்றே சில நாளில் குஞ்சுகள் பலவற்றைத் தின்றுவிடும்.

இறக்கக்கண்டியில் வயது முதிர்ந்த ஓர் அம்மையார் என்னிடம், "தம்பி, ஆண் மீன் ஒண்டும் இல்லை, இது எப்படி இரண்டாந்தரமும் குஞ்சு போட்டது?" என்று ஐயத்தோடு வினவினார். அவர் பொய் கூறவில்லை. பெண் மீன் ஆணின் விந்தைத் தன் உடலில் பல மாதம் சேமித்து, அதனால் மீண்டும் மீண்டும் கருவுறும். ஆகவே நிறம் நோக்கி இனம் தேர்ந்து வளர்க்க விரும்புவோர், குஞ்சுகளை ஆண் பெண் எனப் பிரிக்கத் தாமதிக்கலாகாது. கப்பியில் நான்காம் வாரத்திலேயே குச்சிச் செட்டை உருவாகத் தொடங்கும். வாரத்துக்கிருமுறை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, ஆண்களை அப்போதே விலக்குக. மூன்று மாதம் கலந்து வளர்ந்த பெண்களுள் கன்னி மீனைத் தேடுவது வீண்.

கப்பி நுளம்புக் குடம்பியை விரும்பி உண்ணும். இது பற்றி, மீனுக்கு இரையாகட்டும் என்று வாளியில் குடம்பி வளர்ப்போரும் உளர். 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். நம் மாவட்டத்தில் கிண்ணியா மக்கள் பெருந்துன்பம் உற்றனர். நுளம்பு பெருக இடம் வைத்தல் 2007 ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமுமாகும். வாளியைக் கவிழ்த்துவிட்டு, மிகுதியான கப்பிகளை வீட்டுச் சீமெந்துத் தொட்டியிலும் மூடாத கிணற்றிலும் விடுவதே முறை. வெளிற்றுந் தூள் இட்ட கிணற்றில் விடலாகாது.

விற்க முடியாத மீன்களைக் களப்பிலோ, வாய்க்காலிலோ, குளத்திலோ கொட்டலாகாது. இவை உவர்நீரையும் தாங்கும். ஒரே பெண் மீனும், மேற்கூறிய சேமிப்பினால், ஒரு கூட்டத்தையே உண்டாக்கும். நம் நாட்டுச் சிறுமீன்களின் முட்டையையும் இரையையும் தின்னும். மிகுந்தவற்றை வேறு வளர்ப்போருக்குக் கொடுக்க. கொள்வார் இல்லையெனின் ஆண்களையும் பெண்களையும் தனித்தனித் தொட்டிகளில் வைத்துக்கொள்க. பெண்கள் பல மாதம் ஈன்று ஓய்ந்தபின் பெருக்கம் தானே நின்றுவிடும்.