பண்ணைத் தச்சுக் கொட்டகைக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

ஏர், நுகத்தடி, பரம்பு, வண்டி முதலிய மரச் சாமான்கள் பழுதாவது பெரும்பாலும் வேலை மும்முரமான காலத்திலேயாம். மழை பெய்து நிலம் பதத்துக்கு வந்த சில தினங்களுக்குள் உழுது முடிக்காவிடில் ஈரம் காய்ந்துபோகும். அத்தருணத்தில் ஏர்க்கால் முறிந்து, தச்சர் வீட்டு வாயிலில் காத்துநிற்கும் குடியானவருக்கு நேரும் நஷ்டம் சிறிதன்று. டிராக்டர் புகுந்துவிட்ட ஊர்களிலும் மண்வெட்டிக் காம்பு, தொழுவத்துத் தூண், பட்டிக் கதவு ஆகியன மரவேலையாகவே இருத்தலின், பண்ணையிலேயே ஒரு தச்சுக் கொட்டகை வைத்துக்கொள்ளுதல் அனுகூலமானது.

இதற்கு இடம் விடுவதில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. வாச்சியும் உளியும் இழைப்புளியும் ஒரு பெட்டிக்குள் அடங்குகின்றனவே என்று சிலர் மாட்டுக் கொட்டிலின் மூலையொன்றை ஒதுக்கிவிடுகின்றனர். வேறு சிலர் பிற்காலத்துக்கு ஆகுமென்று பெரிதாகக் கட்டி, இரண்டு வருஷத்துக்குள் பாதியை நெல் மூட்டைகளுக்கு விட்டுக்கொடுக்கின்றனர். இடத்தை நிர்ணயிப்பன கருவிகள் அல்ல. எடுத்துப் புரட்டவேண்டிய மரத்தின் நீளமும், கிடத்திச் சுற்றிவரவேண்டிய பொருளின் அகலமுமேயாம்.

உதாரணமாக, ஒரு பண்ணையில் கையாளும் மிக நீண்ட மரம் 10 அடி என வைத்துக்கொள்வோம். கைரம்பத்தால் அறுக்குங்கால் மரம் அசையாது, ரம்பமே நகரும். ஆகவே மரத்தின் இரு முனைகளிலும் ஆள் நின்று வேலை செய்ய மும்மூன்று அடி விட்டால் போதும். நீளம் 16 அடியாகும். அகலத்துக்கு வண்டிச் சக்கரமே அளவு. சுமார் 5 அடி குறுக்களவுள்ள சக்கரத்தைத் தரையில் கிடத்தி, குடத்தில் ஆரக்கால்களை இறக்கி வட்டை பூட்டவேண்டும். அதற்கு 5 அடி, சுவரோரம் நடக்க 2 அடி, வேலை மேசைக்கு 2 அடி, மேசைமுன் நிற்க 3 அடி. ஆக 12 அடி. இரும்புப் பட்டாவைக் காய்ச்சி ஏற்றுவது திறந்த வெளியிற் செய்யவேண்டிய காரியமாதலின் அதற்குக் கொட்டகையில் இடம் ஒதுக்கவேண்டுவதில்லை. நம் தச்சர் தரையில் அமர்ந்து மரத்தைக் காலால் அழுத்திக்கொண்டு செதுக்குபவராயிற்றே, மேசை எதற்கென்று கேட்கலாம். மேசையின் இடம் மிச்சமாவது மெய்யே. எனினும் வாச்சி வீசுபவரின் எதிரே எவரும் நடத்தலாகாதாகையால் அவ்விடம் வேறு வழியிற் செலவாகிவிடும்.

மின்சார வட்டரம்பம் வைப்பதாயின் கணக்கு முற்றிலும் மாறுகின்றது. அங்கு ரம்பம் நின்ற இடத்தில் சுழல, மரமே நகர்கின்றது. 10 அடி மரத்துக்கு ரம்பத்தின் முன் 10 அடியும் பின் 10 அடியும் வெற்றிடம் வேண்டும். இடம் போதாமல் மரம் எதிர்ச்சுவரில் முட்டினால், தள்ளுகிறவர் அதைப் பாதியில் பின்னுக்கு இழுக்கத் துணிவார். சுழலும் பற்கள் மரத்தைக் கவ்வி அவர்மீதே எறிந்துவிடும். கை விரல்கள் போவதும் உண்டு. இதற்காகக் கட்டிடத்தை 26 அடியாக நீட்டவேண்டுவதில்லை. 16 அடிக் கொட்டகையிலேயே 3 அடி நீளமுள்ள ரம்ப மேசையை ஒரு வாயிலை ஒட்டி நிறுத்தி, அறுபட்ட மரம் அவ்வாயில் வழியே வெளியே செல்லும்படி அமைக்கலாம். மேசைக்கு 3 அடி, மரத்துக்கு 10 அடி, தள்ளுகிறவருக்கு 3 அடி. வாயிலுக்கு வெளியே மேசை மட்டத்துக்கு ஒரு தாங்கு கட்டையும், குறுக்கே ஆடுமாடு வாராதபடி ஒரு தடுப்பும் அவசியம். தள்ளுகிறவர் ரம்பத்தின் நேர்க்கோட்டில் நில்லாமல் சற்று விலகி நிற்கவேண்டும்.

அஸ்திவாரம் தோண்டுமுன் களத்தில் முளையடித்துக் கயிறு கட்டி, 10 அடி மூங்கிலை இருவர் பிடித்துத் திருப்பியும், பழஞ் சக்கரமொன்றைக் கிடத்திச் சுற்றிவந்தும் பார்ப்பது நன்று. ஒரு காலை நேரம் செலவாகுமே தவிர வேறு செலவில்லை. பல வீட்டாருக்குப் பொதுவாகக் கட்டுமிடத்து, ஒரே காலத்தில் இரு சக்கரங்கள் வரக்கூடுமாகையால் அகலத்தில் இன்னும் 7 அடி சேர்க்கவேண்டும்.

மரம் அடுக்குவதற்கு இவ்விடத்தைத் தொடலாகாது. வெளியே வடபுறத்தில் தாழ்வாரம் இறக்கி, தரையினின்று ஓரடி உயரத்தில், பலகைகளுக்கிடையே சிறு கட்டைகள் கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்கிவைத்தால் வெயிலில் வெடிக்காமல் நிதானமாய் உலரும். கறையான் ஏறினாலும் உடனே கண்ணுக்குத் தெரியும். வைக்கோற்போரை இக்கொட்டகைக்கு அருகில் போடாதிருக்கவேண்டும்.