கார் கண்ணாடி ஏறவில்லையா?

பழைய காரில் பவர் விண்டோ நின்றுவிட்டால் உடனே மோட்டார் வாங்க ஓடாதீர்கள். முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு ஸ்விட்சை அழுத்தியபடியே கதவின் உள்பக்கத்தைக் கையால் தட்டுங்கள். தட்டியதும் ஓடினால், பெரும்பாலும் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். சத்தமே இல்லையென்றால், மோட்டார் சாக்கெட்டுக்கு 12 வோல்ட் வருகிறதா என டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். வராவிட்டால் கோளாறு ஸ்விட்சிலோ, கதவு மடங்கும் இடத்தில் ரப்பர் குழாய்க்குள் முறிந்துபோன ஒயரிலோ இருக்கலாம்.

மோட்டாரைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிட்டு, கண்ணாடியை மேலே தூக்கி, கதவுச் சட்டத்தோடு சேர்த்து டேப் ஒட்டுங்கள். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. கண்ணாடியை ஏற்றி இறக்கும், கத்தரிக்கோல் போல விரியும் ரெகுலேட்டரில் வலுவான ஸ்பிரிங் இருக்கும். மோட்டாரைக் கழற்றிய நொடியில் ரெகுலேட்டரின் இரும்புப் பட்டை சுழன்று விரலை நசுக்கிவிடும். பட்டையை அசையாமல் கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே மோட்டார் போல்ட்டைத் தொடுங்கள்.

டோர் பேடுக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் எடுத்து, அப்படியே திரும்ப ஒட்டுங்கள்; இல்லையென்றால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். கண்ணாடி ஓடும் ரப்பரில் சிலிகான் ஸ்பிரே அடித்தால் புது மோட்டாருக்குச் சுமை குறையும்.