நிக்கோடெமஸ்: இரயில் வாராத சிற்றூர்

ஓர் ஊர் செழிக்க நிலமும் உழைப்பும் இன்றியமையாதவை. ஆயினும் விளைபொருள் சந்தைக்குச் செல்லப் பாதை இல்லையேல், அவ்வூர் நெடுங்காலம் தழைப்பது அரிது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்திலுள்ள நிக்கோடெமஸ் என்னும் சிற்றூரின் வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

அமைப்பு

மாநிலத்தின் வடமேற்கில், கிரகாம் கவுண்டியில், சாலமன் ஆற்றின் தென்கிளைக்கு வடக்கே இவ்வூர் உள்ளது. சுற்றிலும் மரங்கள் அருகிய புல்வெளி, மழையும் குறைவு. ஊருக்கெனத் தனி நகர மன்றம் இல்லை. டவுன்ஷிப், கவுண்டி என்னும் உள்ளாட்சி அமைப்புகளே நிருவாகத்தைக் கவனிக்கின்றன.

தோற்றம்

1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு நிலத்தில் ஐந்தாண்டு குடியிருந்து பயிரிடுவோர் 160 ஏக்கர் வரை உரிமை பெற முடிந்தது. 1865-இல் அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களுக்குச் சொந்த நிலமே பெருங்கனவு. 1877-இல் கென்டக்கியிலிருந்து ஏறத்தாழ 300 பேர் எல்லிஸ் வரை இரயிலில் வந்து, அங்கிருந்து 30 மைலுக்கு மேல் நடந்து இவ்விடம் சேர்ந்தனர். வீடு கட்ட மரம் இன்மையால் நிலத்தைக் குடைந்து அதனுள் வாழ்ந்தனர். ஏர் இல்லாதோர் மண்வெட்டியால் கொத்திப் பயிரிட்டனர். முதற் குளிர்காலத்தில் ஓசேஜ் பழங்குடியினர் உணவளித்து உதவினர். பத்தாண்டுகளில் கடைகள், பள்ளி, கிறிஸ்தவ ஆலயங்கள், விடுதி, இரு செய்தித்தாள்கள் ஆகியன தோன்றின.

தளர்ச்சி

இரயில் பாதையை ஈர்க்க 1887-இல் மக்கள் 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட வாக்களித்தனர். எனினும் எதிர்பார்த்த பாதை வரவில்லை. 1888-இல் வேறொரு கம்பெனி ஆற்றின் தென்புறத்தில், சில மைல் தள்ளிப் பாதை அமைத்தது. வணிகர் பலர் அங்கு எழுந்த போக் என்னும் ஊருக்குக் கடைகளைப் பெயர்த்துச் சென்றனர். 1930-களின் வறட்சியும் புழுதிப் புயலும் உழவரையும் வெளியேற்றின. 1953-இல் அஞ்சலகமும் மூடப்பட்டது.

நிலைத்தது

ஆயினும் ஊர் மறையவில்லை. வெளியே சென்றோரின் வழித்தோன்றல்கள் ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் இங்குக் கூடி விடுதலை விழாக் கொண்டாடுகின்றனர். 1996-இல் இது தேசிய வரலாற்றுத் தலமாயிற்று. பழைய பள்ளி, ஆலயங்கள், விடுதி, டவுன்ஷிப் மண்டபம் ஆகிய ஐந்து கட்டடங்கள் இதில் அடங்கும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனைச் சிந்தித்தல் நலம். சாலை எவ்வழிச் செல்லும் என்பது முடிவாகுமுன்னரே ஊரின் தேவையை எடுத்துரைத்தல் வேண்டும். வரவிருக்கும் ஒரே திட்டத்தை நம்பி ஊரின் எதிர்காலம் முழுவதையும் ஒப்படைத்தல் ஆகாது. அத்துடன் பள்ளியையும் பொது மண்டபத்தையும் பேணுவோமாக. பிழைப்பு நாடிப் பிரிந்தவரும் ஊரை மறவாதிருக்க அவையே துணைபுரியும்.