குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய்: முதல் மாத பில்லை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீங்க

எமர்ஜென்சி ஃபண்ட் வீடியோவுல, ஆறு மாசச் செலவைத் தனியா எடுத்து வைங்கன்னு சொல்லியிருந்தோம். வேலை போனா அந்தப் பணம் தாங்கும். ஆனா சிகிச்சையே இரண்டரை வருஷம் ஓடுற ஒரு நோய் நம்ம குழந்தைக்கு வந்தா? யோசிக்கவே பயமா இருக்கும். இருந்தாலும் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துடுவோம். ஏன்னா, அந்த நேரத்துல நிதானமா கணக்குப் போட யாராலும் முடியாது.

நோயைப் பற்றித் தெரிய வேண்டியது

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். நல்ல செய்தி என்னன்னா, இது குணமாகக்கூடிய நோய். முழுச் சிகிச்சையும் ஒழுங்காகக் கிடைக்கும் வளர்ந்த நாடுகளில், 90 சதவீதத்தை ஒட்டிய குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

இங்கே "முழு" என்ற வார்த்தையைக் கவனிங்க. முதல் கட்டம் நாலைந்து வாரம். அதற்குப் பிறகு பல மாதங்கள் தீவிர கீமோதெரபி. கடைசியாக ஒன்றரை வருஷத்துக்கு மேல் பராமரிப்புக் கட்டம்: தினமும் மெர்காப்டோப்யூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், இடையிடையே பரிசோதனை. மொத்தம் 2 முதல் 3 வருஷம்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் கட்டம் முடிந்ததுமே ரத்தத்தில் நோய் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். பிள்ளை ஓடியாடி விளையாடும். அதற்குள் சேமிப்பும் கரைந்திருக்கும். "அதான் சரியாயிடுச்சே"ன்னு பாதியில் நிறுத்தினால், நோய் திரும்பி வரும் ஆபத்து மிக அதிகம். திரும்பி வந்தால் எலும்பு மஜ்ஜை மாற்று வரை போகலாம். செலவு பல மடங்கு, குணமாகும் வாய்ப்பு குறைவு. சிகிச்சை பாதியில் நிற்பது நம்ம நாட்டில் குழந்தைகளை இழக்க ஒரு முக்கியக் காரணம்.

அதனால "எது பெரிய ஆஸ்பத்திரி?" என்பதைவிட முக்கியமான கேள்வி இதுதான்: எந்த இடத்தில் சேர்த்தால் 30 மாசமும் நிறுத்தாம முடிக்க முடியும்?

ஒரு கற்பனைக் கணக்கு

மதுரையில் ஒரு தம்பதி. கணவர் கையில் வாங்குவது மாதம் 58,000 ரூபாய், மனைவி 24,000. நாலு வயசுப் பெண் குழந்தை. கணவரின் கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸில் 5 லட்சம் கவர். சென்னையில் சிகிச்சை என்று வைத்துக்கொள்வோம்.

- மனைவி வேலையை விட்டால்: 24,000 × 30 மாதம் = 7,20,000
- சென்னையில் அறை வாடகை: 9,000 × 8 மாதம் = 72,000
- பயணம், சாப்பாடு, கிளெய்மில் வராத மருந்து, டெஸ்ட்: 10,000 × 30 = 3,00,000

மொத்தம் 10,92,000 ரூபாய். இதில் ஆஸ்பத்திரி பில் ஒரு ரூபாய்கூட இல்லை!

இப்போ ஒன்றை மட்டும் மாற்றுவோம். தீவிரக் கட்டம் சென்னையில்; பராமரிப்புக் கட்டத்தை அதே டாக்டரின் வழிகாட்டலில் மதுரையிலேயே தொடர முடிகிறது. மனைவி 12 மாதத்தில் வேலைக்குத் திரும்புகிறார். வருமான இழப்பு 2,88,000. மொத்தம் 6,60,000. அதாவது 4,32,000 ரூபாய் மிச்சம். "மெயின்டெனன்ஸை எங்க ஊர்லயே பண்ணலாமா?" என்று டாக்டரிடம் முதல் வாரமே கேட்பதன் மதிப்பு இது.

ஆஸ்பத்திரியை எடை போடும்போது

தமிழ்நாட்டில் அடையாறு புற்றுநோய் மையம் 1954 முதல் இயங்குகிறது; டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது. வேலூர் சி.எம்.சி., எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை, பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர் என்று வேறு வழிகளும் உண்டு. இந்தச் சிகிச்சையின் அடிப்படை மருந்துகள் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பவை. பில் இரண்டு மடங்கு என்பதால் மருந்தும் இரண்டு மடங்கு நல்லது என்று அர்த்தமில்லை. கேட்க வேண்டியவை:

1. குழந்தைகள் புற்றுநோய்க்குத் தனி டாக்டர், தனிப் பிரிவு இருக்கா?
2. என் குழந்தை எந்த ரிஸ்க் பிரிவு? மொத்தம் எத்தனை மாதம்?
3. நடுராத்திரி காய்ச்சல் வந்தால் உடனே சேர்ப்பீங்களா? கீமோ நேரத்தில் காய்ச்சல் ஓர் அவசரநிலை. காலை வரை காத்திருக்கக் கூடாது.
4. தொற்று வந்தால் ஆகும் செலவையும் சேர்த்து எஸ்டிமேட் எவ்வளவு?
5. மருத்துவ சமூகப் பணியாளர் இருக்காரா? உதவித்தொகை, தங்குமிடம் எல்லாம் பெரும்பாலும் அவர் வழியாகத்தான் கிடைக்கும்.

இன்னொரு விஷயம். "கீமோ வேண்டாம், இந்தப் பொடியில சரியாயிடும்"னு சொந்தக்காரங்க அன்போடதான் சொல்வாங்க. கீமோவுக்குப் பதிலா எதையும் வைக்காதீங்க. கூடவே எதையாவது கொடுப்பதானாலும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீங்க.

பணத்தை எந்த வரிசையில் எடுப்பது?

*முதலில் குரூப் இன்ஷூரன்ஸ்.* எச்.ஆரிடம் நாலு கேள்வி: பாலிசி எந்த மாதம் புதுப்பிக்கப்படுது? (புதுப்பித்ததும் கவர் மறுபடி முழுசா கிடைக்கும்.) கம்பெனி பஃபர் தொகை இருக்கா? வாய்வழி கீமோவுக்கு உச்சவரம்பு உண்டா? அறை வாடகை வரம்பு என்ன? வரம்பு 5,000 இருக்க 10,000 ரூபாய் அறை எடுத்தால், வாடகையில் மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸ் போன்றவற்றிலும் வெட்டு விழலாம்.

*யார் இன்ஷூரன்ஸில் குழந்தை இருக்கோ, அவர் வேலையை விடக் கூடாது.* அம்மாதான் லீவு போடணும்னு சட்டம் எதுவும் இல்லை. கவர் அம்மா கம்பெனியில் இருந்தால் அப்பா லீவு போடட்டும். நோய் தெரிந்த பிறகு தனியா புதுப் பாலிசி கிடைப்பது மிகக் கடினம்.

*அடுத்து எமர்ஜென்சி ஃபண்ட், எஃப்.டி., பி.எஃப்.* குடும்பத்தினரின் புற்றுநோய் சிகிச்சைக்கு பி.எஃப். அட்வான்ஸ் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அதுவும் போதாவிட்டால் நகைக் கடன். பர்சனல் லோனும் கிரெடிட் கார்டும் கடைசி. 30 மாத ஓட்டத்தில் முதல் மாதமே இ.எம்.ஐ. ஏற்றிக்கொண்டால் பாதியில் மூச்சு வாங்கும்.

*சின்னச் சின்ன உதவிகள்.* பழைய வரி முறையில், சார்ந்திருப்பவரின் புற்றுநோய் சிகிச்சைக்கு 40,000 ரூபாய் வரை கழிவு உண்டு. இன்ஷூரன்ஸ் கொடுத்த தொகை அதில் கழியும். ரயிலில் நோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் குறைவாக உள்ள உறவினர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைச் சொல்லுங்க.

இன்றைக்குச் செய்ய வேண்டியது

ஒண்ணே ஒண்ணு. கம்பெனி இன்ஷூரன்ஸ் போர்ட்டலைத் திறந்து, உங்க குழந்தையின் பேர் அதில் இருக்கான்னு பாருங்க. பிறந்தபோது சேர்க்க மறந்தவர்கள் நிறைய பேர். முடிந்தால் கம்பெனியைச் சாராத ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டரும் எடுத்து வைங்க. எல்லாரும் நல்லா இருக்கும்போதுதான் அது கிடைக்கும்.

இந்தக் கணக்கு உங்களுக்குத் தேவையே படக் கூடாது என்பதுதான் எங்க வேண்டுதல். அடுத்த பதிவில் சந்திப்போம்.